பொறுக்கிக் கட்டிய வீடு

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து டெலிபோன் பூத்துக்குப் பேசியபோது கடைக்காரர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதனால் உன்னை ஆசை தீரத் திட்ட முடியவில்லை. இந்தக் கடிதத்தில் சேர்த்துத் திட்டுகிறேன், உட்கார்ந்து படி. கல்யாணத்துக்கு முன்னால் நாம் கட்டுகிற மெத்தை வீடு முடிந்துவிடும், பெண் வீட்டார் வரும்போது கொல்லையில் கிடக்கிற தகரமும் சாக்கும் டயரும் அவர்கள் கண்ணில் படக்கூடாது, எல்லாவற்றையும் பேரீச்சம்பழக்காரனிடம் போட்டுவிடு அம்மா என்றாய். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். அந்தச் சரியை நம்பி நீ நிம்மதியாகத் தூங்கியிருந்தால் அது உன் தப்பு. இத்தனை வருஷம் என்னோடு இருந்தும் என் சரிக்கு அர்த்தம் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்?

என்னைக் கஞ்சப்பிசினாறி என்று நீயும் உன் அப்பாவும் சேர்ந்து கேலி செய்வது எனக்குத் தெரியாதது இல்லை. ஆறாம் வகுப்புக்குப் போகும்போது யூரியா சாக்கில் புத்தகப் பை தைத்துக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாய். பையன்கள் உன்னை "யூரியா" என்று கூப்பிட்டார்களாம். கூப்பிட்டால் என்ன? அந்த ஐப்பசி மழையில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் புத்தகமும் ஊறிப்போய் அப்பளமாகக் காய்ந்தது, உன் புத்தகத்தில் ஒரு எழுத்து கலையவில்லை. அதற்காக நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்க்காதே. உன் அப்பாவின் வேட்டி கிழிந்தால் துண்டாகும், துண்டு கிழிந்தால் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணியாகும், அதுவும் நைந்தால் விளக்குக்குத் திரியாகும். திரி எரிந்த பிறகுதான் அந்த வேட்டிக்கு என்னிடமிருந்து விடுதலை. இந்தக் குணம் எனக்குப் பிறவியில் வந்தது இல்லை. எப்படி வந்தது என்று உனக்கு ஒழுங்காக யாரும் சொன்னதில்லை. புயலில் வீடு விழுந்தது, மறுபடி கட்டினோம் என்று உன் அப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார். நீ குடும்பஸ்தன் ஆகப்போகிறாய், முழுசாகத் தெரிந்துகொள்.

அப்போது நாங்கள் இருந்தது பண்ணை மனையில். மனை பண்ணையாருடையது, மேலே நிற்கிற குடிசை எங்களுடையது என்று பேச்சு. அந்தப் பேச்சிலும் பாதிதான் உண்மை. கூரைக்குப் போட்ட கீற்று பண்ணைத் தென்னையில் வெட்டியது. மூங்கில் பண்ணைக் கொல்லையில் வெட்டியது. வைக்கோல் பண்ணைக் களத்திலிருந்து வந்தது, சுவருக்கு மண் பண்ணை வாய்க்கால் கரையிலிருந்து வந்தது. ஒரு கீற்று தானாகக் கீழே விழுந்து கிடந்தாலும் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். பண்ணையாரை நாங்கள் பார்ப்பது தீபாவளி, பொங்கலுக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு ஏஜெண்டுதான் சர்க்கார். நம் தஞ்சாவூர்ச் சீமை முழுக்க அப்போது ஊருக்கு ஊர் சண்டை. கூலிக்குச் சண்டை, குத்தகைக்குச் சண்டை, அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்கினால் சண்டை. அந்தச் சமயத்தில்தான் புது அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. பிறத்தியார் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கும் விவசாயக் கூலிகளுக்கு, குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று. தை மாதம் அதிகாரி ஊர் ஊராக வந்து பார்ப்பார், வீடு நின்று ஆள் குடியிருந்தால் பட்டா உண்டு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நம் வீட்டில் அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். உன் அப்பா, "இன்னும் கையில வரல புள்ள, அதுக்குள்ள வெல்லத்தக் கரைக்கிற" என்றார்.

அவர் வாய் முகூர்த்தம், கார்த்திகையில் புயல் வந்தது. வேதாரண்யம் பக்கமிருந்து ஏறிய காற்று நம் குடிசையைப் பிய்த்து எங்கே கொண்டுபோனது என்றே தெரியவில்லை. விடிந்து பார்த்தால் கரைந்த சுவர் மண்ணும், நான் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லும்தான் மிச்சம். நீ அப்போது என் வயிற்றில் இரண்டு மாதம். மழை விட்டதும் ஏஜெண்டு குடை பிடித்துக்கொண்டு வந்தார். ஏதோ துக்கம் விசாரிக்க வந்தார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "வீடு போயிடுச்சுல்ல. வேற எங்கயாவது பாத்துக்கங்க. கீத்து, மூங்கிலு, வைக்கல், மண்ணு, எதுலயும் கை வைக்கக் கூடாதுன்னு ஐயா உத்தரவு" என்றார். அவ்வளவுதான். கம்பு எடுக்கவில்லை, ஆள் வைத்து அடிக்கவில்லை. தை மாதம் அதிகாரி வரும்போது அங்கே வீடு இருக்கக்கூடாது, அதற்கு எங்களைத் துரத்தக்கூட வேண்டாம், கட்ட விடாமல் இருந்தால் போதும். புத்திசாலி மனிதர், அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா மன்னார்குடிப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடலாம் என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரியை வெட்டவெளியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குப் பயம். எனக்கு வந்ததோ கோபம். அந்த மனையில் உப்பு மண்ணைக் கொத்திக் கொத்தி அவரைக்கொட்டை ஊன்றிக் காய்க்க வைத்தவள் நான். பாயசம் வேறு வைத்துவிட்டேன். அம்மிக்கல் மேல் உட்கார்ந்துகொண்டு, "நான் வரல. கீத்து அவங்களுது, மூங்கிலு அவங்களுது, சரி. ஊருல தூக்கிப் போடுற குப்பையுமா அவங்களுது?" என்று கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துக் கேட்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது நல்ல கேள்வி என்று தெரிந்தது.

மறுநாளிலிருந்து பொறுக்க ஆரம்பித்தேன். ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் டிரம்கள் பாலத்தடியில் கிடந்தன. உன் அப்பா உளி இரவல் வாங்கிவந்து அவற்றை வெட்டி விரித்துத் தட்டினார். டீக்கடையில் ஓட்டையாய்ப் போன எண்ணெய் டின், ரேஷன் கடையில் நசுங்கிய மண்ணெண்ணெய் டின், எல்லாம் சுவருக்கு ஆயிற்று. சொசைட்டியில் நனைந்து வீணான யூரியா சாக்கை வாசலில் கொட்டியிருந்தார்கள். அவற்றை வாய்க்காலில் அலசி, பிரித்து, அந்தச் சாக்கிலேயே உருவின நூலைக் கோணி ஊசியில் கோத்து ஒன்றோடொன்று தைத்தேன். இரட்டை மடிப்பாகக் கூரைக்குப் போட்டோம். விழுந்த சுவரின் மண் அங்கேயேதான் கிடந்தது, அதற்கு யார் உத்தரவும் வேண்டாம். மறுபடி குழைத்துத் தரை போட்டேன். கூடையில் மீன் கொண்டுவரும் பாக்கியம் அக்கா பார்த்துவிட்டு, "ஏன்டி, இவ்வளவும் காத்துல நிக்குமா? எங்க ஊருல கூரை மேல கிழிஞ்ச வலையப் போட்டு இழுத்துக் கட்டுவோம். அதுக்கு அப்புறம் எந்தக் காத்தும் அதத் தூக்காது" என்று சொல்லி, அடுத்த நடையில் மீன் கூடைக்கு அடியில் பழைய நைலான் வலையைச் சுருட்டி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. வலையின் ஓரத்தில் அறுந்த சைக்கிள் டியூபைக் கட்டி முளைக்குச்சியில் இழுத்துப் பிடித்தோம். ஊர் சிரித்தது. உன் அப்பாவுக்கு வெட்கம், தெருவில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார். "சிரிக்கட்டுங்க, சிரிக்கிறவங்க யாரும் கீத்து குடுக்கப் போறதில்ல" என்றேன்.

ரோட்டுப் பக்கச் சுவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊன்றக் காலும் வேண்டும், அடைக்கப் பலகையும் வேண்டும். பஸ் நிற்கும் முக்கில் மாநாட்டுக்காக ஆளும் கட்சிக்காரர்கள் அவர்கள் தலைவருக்கு ஒரு பெரிய கட்டவுட்டு வைத்திருந்தார்கள். புயல் அதை இடுப்போடு முறித்துவிட்டது. கீழ்ப்பாதி வாய்க்காலோடு போய்விட, மேல்பாதி கையை உயர்த்தியபடி சேற்றில் மல்லாந்து கிடந்தது. நல்ல பலகை, பின்னால் முழங்கை கனத்தில் சவுக்குக் கழிகள். டீக்கடைக்காரர்தான் கட்சிக்குக் கிளைச் செயலாளர். அவரிடம் போய், "அண்ணே, தலைவர இப்படிச் சேத்துல போட்டு வச்சிருக்கீங்களே, மாடு மிதிக்குது. எங்க வீட்டுல நிக்கட்டுமே" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "எடுத்துக்கிட்டுப் போம்மா, பத்திரமா வச்சுக்க" என்று இரண்டு ஆளையும் கூட அனுப்பினார்.

நிறுத்தியதும் பார்த்தால் ரோட்டுப் பக்கச் சுவர் முழுவதும் தலைவரின் தோளும் மார்பும்தான். உயர்த்திய கை கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. உன் அப்பா தலைவரின் முகத்தை உள்பக்கமாக வைத்து அடித்துவிட்டார். வெயிலும் மழையும் படாமல் வண்ணம் நிற்கும் என்பது அவர் கணக்கு. அன்றைக்குக் குளித்துவிட்டு உள்ளே வந்து புடவை மாற்றப் போனால், சுவர் அகலத்துக்கு ஓர் ஆம்பிளை சிரித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். எந்த மூலைக்குப் போனாலும் பார்க்கிறார். "இதத் திருப்பி அடிங்க" என்றேன். "அது பலகை புள்ள" என்றார். "பலகைக்குக் கண்ணு இருக்கே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஆணியெல்லாம் பிடுங்கி, முகம் ரோட்டைப் பார்க்கத் திருப்பி அடித்தார். இதில் அரசியல் ஒன்றும் கிடையாது தம்பி. நான் புடவை மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

மார்கழி மழையில் வீடு நின்றது. ஏஜெண்டு சைக்கிளில் போகும்போதெல்லாம் பார்த்துச் சிரிப்பார், குப்பைமேட்டை எவன் வீடு என்று எழுதுவான் என்று சொல்லிக்கொண்டு போவார். பொங்கல் கழிந்த பிறகுதான் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், வருகிற அதிகாரி கூரை என்ன, சுவர் என்ன என்று பார்ப்பதில்லை, அடுப்பு எரிகிறதா என்றுதான் பார்க்கிறார் என்று. அதிகாரி வருகிற நாள் காலையில் கடப்பாரை, கயிறு சகிதம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உன் அப்பா அறுப்புக்குப் போயிருந்தார். நான் அடுப்பில் கஞ்சி வைத்திருந்தேன். "வெளிய வா பொண்ணே, இதப் பிரிக்கணும்" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். ஆட்களைப் பார்த்து, "இடிங்கடா" என்றார்.

ஒருத்தரும் நகரவில்லை. கடப்பாரை வைத்திருந்தவர் தலைவரின் முகத்தைப் பார்க்கிறார், ஏஜெண்டின் முகத்தைப் பார்க்கிறார். "என்னடா?" என்றார் ஏஜெண்டு. "தலைவர் மூஞ்சில கடப்பாரைய வைக்கச் சொல்றீங்களே ஏஜெண்டய்யா. நான் மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க" என்று அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார். "சரி, அத மட்டும் பக்குவமா கழட்டி அந்தாண்ட வைங்கடா" என்றார் ஏஜெண்டு. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கூரை முழுக்க வலை, வலை முழுக்க சவுக்குக் கழியோடு கட்டு. தலைவரைக் கழற்றினால் வீடே அவர் மேல் சாயும். "கழட்டுங்க ஏஜெண்டய்யா. ஆனா குப்புறத்தான் விழுவாரு. பாத்து செய்ங்க" என்றேன். இதற்குள் டீக்கடையிலிருந்து கிளைச் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவருகிறார், பின்னாலேயே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும். பண்ணையார் அந்த வருஷம்தான் ஆளும் கட்சிக்கு மாறித் துண்டுக் கரையை மாற்றிக்கொண்டவர். கிளைச் செயலாளர் சத்தம் போடவே இல்லை. "பண்ணையார் சொல்லித்தான் தலைவர இடிக்க வந்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க, மாவட்டத்துல கேட்டாங்கன்னா நான் பதில் சொல்லணும்ல" என்றார். ஏஜெண்டுக்கு வேர்த்த வேர்வையை நீ பார்த்திருக்க வேண்டும். தை மாதக் காலைக் குளிரில் அப்படி ஒரு மனிதருக்கு வேர்த்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கி, கூரைக்கு மேலே நீட்டியிருந்த கையை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஏஜெண்டு முந்திக்கொண்டு, "இது வீடே இல்ல சார், எல்லாம் பொறுக்குன குப்பை" என்றார். "ஆமாங்க சார், குப்பைதான். உள்ள வந்து பாருங்க" என்றேன். அவர் குனிந்து உள்ளே வந்தார். அடுப்பு எரிந்தது, கஞ்சி கொதித்தது, தரை மெழுகிக் கோலம் போட்டிருந்தேன். நான் வெளியே போய்க் குடத்துத் தண்ணீரைத் தூக்கிக் கூரை மேல் வீசி ஊற்றினேன். அடுத்த குடமும் ஊற்றினேன். அவர் உள்ளே கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். ஒரே ஓர் இடத்தில் சொட்டியது, பொய் சொல்லமாட்டேன். வெளியே வந்து கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் குடுத்திருக்கிற குவார்ட்டர்ஸ் இதவிட மோசமா ஒழுகுதும்மா" என்றார். அப்புறம் உன் அப்பா பேரையும் என் பேரையும் கேட்டு எழுதிக்கொண்டார். உன் அப்பா வரப்பில் விழுந்தடித்து ஓடிவந்து சேரும்போது ஜீப் கிளம்பியிருந்தது. காலெல்லாம் சேற்றோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து தெருவில் அவர் தலையைத் தொங்கப்போட்டு நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் எழுதுவது உன் கொல்லையை அடைத்துவைக்க இல்லை. வேலைக்கு ஆகாததை நானும் வைத்துக்கொள்ளமாட்டேன். நீ திட்டியதால் போய்ப் பார்த்தேன், உடைந்த பிளாஸ்டிக் வாளிகளை எடைக்குப் போட்டுவிட்டேன். ஒரு பொருளை எறிவதற்கு முன்னால் அதற்கு இன்னொரு வேலை இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பார், இல்லையென்றால் போய் வா என்று அனுப்பிவிடு. வருகிற பெண்ணுக்கும் இதைச் சொல், அதிகாரம் செய்யாமல் சொல். அவள் வீட்டில் வேறு பழக்கம் இருக்கும், அதில் எனக்குத் தெரியாத நல்ல விஷயமும் இருக்கும். ஆனால் தார் டிரம்மில் செய்த வெந்நீர் அடுப்பு எங்கேயும் போகாது. கல்யாணத்துக்கு வரும் உன் மாமனார் அதில் காய்ச்சிய தண்ணீரில்தான் குளிக்கப்போகிறார். யூரியா சாக்கில் பெரிய விரிப்பும் தைத்துவிட்டேன், சம்பந்திமார் உட்கார. முகத்தைச் சுளிக்காதே, பழம்புடவையில் பூ வெட்டி மேலே வைத்துத் தைத்திருக்கிறேன், கும்பகோணத்துக் கடையில்கூட அப்படி ஒன்று கிடைக்காது.

பங்குனியில் பட்டா வந்தது. எனக்கு நாள் நெருங்கியதும் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குக் கூட்டிப்போக உன் பெரிய மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். நான் போகவில்லை. "தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானம்மா, ஊருல என்ன சொல்லுவாங்க" என்று மன்றாடினார். "அண்ணே, நீங்களும் நானும் பொறந்தது பண்ணை மனையில. இவரு பொறந்தது பண்ணை மனையில. இந்தப் புள்ள இங்கதான் பொறக்கணும்" என்றேன். அவர் போய் வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டார். பிரசவம் முடிகிறவரை ஊருக்குத் திரும்பவில்லை. நீ பிறந்தது நல்ல உச்சிவெயிலில், அந்த யூரியா சாக்குக் கூரைக்குக் கீழே. நம் வம்சத்தில் சொந்த மண்ணில் பிறந்த முதல் ஆள் நீ. பிறந்ததும் அழுதாய் பார், தகரச் சுவரெல்லாம் அதிர்ந்தது. மருத்துவச்சி உன்னைத் துடைத்து என்னிடம் நீட்டி, "சத்தத்த அமத்தும்மா, ஏஜெண்டு வீடு வரைக்கும் கேக்குது" என்றாள். நான் உன்னை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா